எலும்பு ஆபரேஷன் நன்றாக முடிந்தது, யூரின் டியூப்தான் ஆளை அடித்துப் போட்டது: மதுரை தனியார் ஆஸ்பத்திரியில் 23 நாள்

அம்மாவுக்கு 76 வயது. சோழவந்தான் பக்கம் ஒரு கிராமம். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி அடுக்கியே வளர்ந்த கை, இன்றைக்கும் வாயில் வெற்றிலை இல்லாவிட்டால் பேச்சு வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொல்லையில் ஆட்டைக் கட்டப் போனவர் ஈரச் சிமெண்டுத் தரையில் வழுக்கி விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது, இடது காலைவிடக் குட்டையாகவும் தெரிந்தது. பக்கத்து வீட்டு மாமா புத்தூர் கட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார். அண்ணன் கேட்கவில்லை, வேன் பிடித்து இரவு எட்டரைக்கெல்லாம் மதுரையில் பெயர் பெற்ற ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். இடுப்பு எலும்பு முறிவு, பந்து கிண்ண மூட்டில் பந்தை மட்டும் மாற்ற வேண்டும், ஐந்தாறு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். நாங்கள் வீட்டுக்குப் போனது 23ஆம் நாள், நடுவில் யூரின் டியூப் வழியாக ஆஸ்பத்திரியிலேயே ஒரு தொற்று வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி பெயரை இங்கே போடவில்லை. புகாரை எழுத்தில் அவர்களிடமே கொடுத்திருக்கிறேன், அது அங்கே நடக்கட்டும். அதோடு, இதைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் பேச ஆரம்பித்ததும் மேலூரில் ஒருவர், திருமங்கலத்தில் ஒருவர், எங்கள் தெருவிலேயே ஒருவர் என்று ஆளாளுக்கு வேறு வேறு ஆஸ்பத்திரியில் இதே கதையைச் சொன்னார்கள். வயதான அம்மாவையோ அப்பாவையோ படுக்கையில் வைத்துப் பார்க்கப் போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அம்மா ஐசியூவுக்குப் போயிருக்க மாட்டார் என்றுதான் இன்னமும் தோன்றுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் அருமை. செவ்வாய்க்கிழமை காலை உள்ளே கொண்டு போனார்கள், மதியம் வெளியே வந்துவிட்டார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் புரிகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். புதன்கிழமை கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைத்தார்கள், வியாழக்கிழமை பிசியோதெரபி தம்பி வந்து வாக்கரைப் பிடிக்க வைத்து நான்கு எட்டு நடக்கவிட்டார். அம்மா அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், "வெத்தலை ஒண்ணு குடுத்தா இன்னும் நாலு எட்டு வப்பேன்" என்று அந்தத் தம்பியிடமே சொன்னார். கேண்டீன் கஞ்சி நன்றாக இருந்தது, தரையை இரண்டு வேளையும் துடைத்தார்கள், லிஃப்ட் ஒரு நாளும் நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற சுத்தம் அத்தனையும் இருந்தது.

யூரின் டியூப் ஞாயிற்றுக்கிழமை இரவே கேஷுவாலிட்டியில் போட்டார்கள். இடுப்பை அசைக்க முடியாதவருக்கு அது வேண்டியதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு நாளில் எடுத்திருக்க வேண்டும். வியாழக்கிழமை வாக்கரில் நின்றவருக்கு வெள்ளிக்கிழமை கட்டில் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி போட்டிருந்தால் போதும், நான் கூடவே இருந்தேன், பிடித்து உட்கார வைத்திருப்பேன். ஆனால் எடுக்கவில்லை. எலும்பு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் தையலைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார். சுகர் டாக்டர் வந்தால் சுகர் சார்ட்டைப் பார்ப்பார். கட்டிலுக்குக் கீழே தொங்குகிற பையை யாரும் குனிந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. வெள்ளிக்கிழமை நானே ஒரு சிஸ்டரிடம் கேட்டேன், "இதை எப்ப எடுப்பீங்க சிஸ்டர்?" என்று. "இருக்கட்டும்க்கா, பாட்டிக்கும் வசதி, உங்களுக்கும் ராத்திரி தூங்கலாம்ல" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது, உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா. நானும் அன்றைக்கு ராத்திரி தூங்கினேன்.

பின்னால் ஐசியூ டாக்டர் சொல்லித்தான் தெரியும். டியூப் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் 100க்கு 3 முதல் 7 பேருக்குப் புதிதாக மூத்திரத்தில் கிருமி சேரும். ஒரு நாளைக்கு அவ்வளவு. ஏழு நாள் வைத்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சேர்கிற எல்லாருக்கும் அது நோயாக மாறாது, சிலருக்குத்தான் மாறும், அந்தச் சிலரில் முதலில் நிற்பது வயதானவர்கள், அதிலும் சுகர் உள்ளவர்கள். அம்மாவுக்குச் சுகர் 20 வருஷமாக இருக்கிறது.

அடுத்து மூத்திரம் பிடிக்கிற அந்த மக்கு. இதைத்தான் நான் மறக்கவே மாட்டேன். தினமும் காலை ஆறு மணி, ராத்திரி எட்டு மணி என்று ஆயாம்மா ஒருவர் ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் மக்கைத் தூக்கிக்கொண்டு வருவார். முதல் கட்டிலில் பையின் அடிக் குழாயைத் திறந்து மக்கில் பிடிப்பார், அளவைச் சிஸ்டரிடம் கத்திச் சொல்வார், பாத்ரூமில் கொட்டிவிட்டு அதே மக்கு, அதே கையுறையோடு அடுத்த கட்டில். குழாயின் நுனி மக்கின் விளிம்பில் இடிக்கும், சில நேரம் உள்ளே முங்கும். எங்கள் வரிசையில் டியூப் போட்டவர்கள் நான்கு பேர், நாலு பேருக்கும் ஒரே மக்கு. ஒருவர் பையில் இருக்கிற கிருமி அடுத்தவர் பைக்குப் போக இதைவிட நேர்வழி வேண்டாம். ஆளுக்கு ஒரு பாத்திரம் இருக்க வேண்டும், குழாய் நுனி அதில் படக் கூடாது, ஒருவருக்கு முடித்ததும் கையுறையைக் கழற்றிக் கையைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் போக வேண்டும். அந்த ஆயாம்மா நல்ல மனுஷி, அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டவர். அவரிடம் இதை யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை அம்மா சாப்பாடு வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் கண்ணை மூடியே கிடந்தார், எழுப்பினால் "ம்" என்பார். சாயங்காலம் என்னைப் பார்த்து, "ஏத்தா, மழை வருது, ஆட்டை அவுத்து உள்ள கட்டு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, செத்துப் பதினெட்டு வருஷமான எங்கள் மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பஸ்ஸுக்குக் காசு இருக்கா என்று கேட்டார். கைவிரல்கள் போர்வையைக் கிள்ளிக்கொண்டே இருந்தன, வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிற மாதிரியே. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. டூட்டி சிஸ்டரிடம் ஓடினேன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, "காய்ச்சல் இல்லக்கா, வயசானவங்க இடம் மாறினா இப்படித்தான் பேசுவாங்க" என்றார். டூட்டி டாக்டர் போனிலேயே, சோடியம் குறைந்திருக்கும், காலையில் ரத்தம் எடுக்கலாம் என்றாராம்.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சின்ன வயசுக்காரருக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் கொதிக்கும், நடுங்கும், வலி வலி என்று கத்துவார். எழுபது தாண்டியவருக்குப் பல நேரம் காய்ச்சலே வராது. முதலில் தடுமாறுவது புத்திதான். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்றைக்கு ஆள் அடையாளம் தெரியாமல் பேசுகிறார், அல்லது பேச்சே இல்லாமல் தூங்கித் தூங்கி விழுகிறார், சாப்பாட்டைத் தள்ளுகிறார் என்றால் அதுவே காய்ச்சல் மாதிரிதான். சத்தம் போட்டு உளறுகிறவரையாவது யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். சும்மா கிடக்கிறவரை "பாட்டி சமத்தா தூங்குறாங்க" என்று விட்டுவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை பகலில் எங்களுக்கு நடந்தது அதுதான். வயசானவங்க இப்படித்தான் என்று யாராவது சொன்னால், இல்லை, எங்கம்மா நேற்று வரை இப்படி இல்லை என்று திருப்பிச் சொல்லுங்கள். அவர்கள் நேற்று எப்படி இருந்தார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். ஷிஃப்டு மாறி வருகிற சிஸ்டருக்கு அது தெரியாது.

அன்றைக்கு ராத்திரி ஷிஃப்டுக்கு வந்த சிஸ்டர் இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வந்ததும் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார், பிறகு குனிந்து பையைப் பார்த்தார். மூத்திரம் கலங்கலாக, அடியில் மாவு தங்கின மாதிரி இருந்தது. "எப்பக்கா டியூப் போட்டாங்க?" என்றார். போன ஞாயிறு என்றேன். டியூபில், பையில், எங்கேயும் தேதி எழுதவில்லை, கேஸ் ஷீட்டில் தேடித்தான் எடுத்தார். டாக்டரை நேரிலேயே வரச் சொன்னார். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கிற கல்ச்சர் டெஸ்ட்டுக்கு மூத்திரம் அனுப்பச் சொன்னதும் வேறொருவர் பையின் அடிக் குழாயைத் திறந்து பாட்டிலில் பிடிக்கப் போனார், இந்தப் பெண் தடுத்துவிட்டார். பையில் மணிக்கணக்காகத் தேங்கிக் கிடந்ததில் எல்லாக் கிருமியும் பெருகியிருக்கும், அதை அனுப்பினால் ரிசல்ட் தப்பாக வரும் என்று சொல்லி, பழைய டியூபை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டு, அதன் பக்கவாட்டு முனையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயும் வரை நின்று, சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். பழைய டியூபைத் தொட்டால் உள்பக்கம் வழவழவென்று இருக்கும், கிருமிகள் அதில் ஒரு படலம் கட்டி உள்ளே உட்கார்ந்துவிடும், எவ்வளவு மருந்து ஊற்றினாலும் அதற்குள் போகாது, அதனால்தான் அதை எடுத்தேன் என்றார். இதையெல்லாம் செய்யும்போது அந்த வார்டில் 14 கட்டிலுக்கு அவர் ஒரே சிஸ்டர்.

விடிவதற்குள் பிபி இறங்கிவிட்டது. திங்கள் காலை ஐசியூ.

புதன்கிழமை கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. கிளெப்சியெல்லா என்கிற கிருமி. அதற்குக் கீழே மருந்துகள் வரிசையாக இருக்கும், கேட்கும் என்றால் எஸ், கேட்காது என்றால் ஆர் என்று போடுவார்கள். அம்மாவின் தாளில் மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர் என்று இறங்கியது. மெரோபெனெம் கேட்டது, நல்ல வேளை. அதுவும் கேட்கவில்லை என்றால் அடுத்தது கொலிஸ்டின்தான், அது கிட்னியில் கை வைக்கும், இந்த வயசில் அதைக் கொடுக்கவே பயமாக இருக்கும் என்றார் ஐசியூ டாக்டர். கிராமத்தில் எங்கள் வீட்டில் வளர்கிற கிருமி இல்லை இது, வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரியில் மருந்துகளைப் பார்த்துப் பார்த்துத் தேறின கிருமி. அட்மிட் ஆகி 48 மணி நேரத்துக்குப் பிறகு வருகிற தொற்றை ஆஸ்பத்திரியில் வாங்கியதாகத்தான் பொதுவாகக் கணக்கு வைப்பார்கள் என்று அவரே நேராகச் சொன்னார், மழுப்பவில்லை. அவருக்கு என் மரியாதை.

நான்கு நாள் ஐசியூ, பத்து நாள் ஊசி. ஆபரேஷனுக்குப் பேசிய பேக்கேஜ் 1,60,000 ரூபாய். கடைசியில் கட்டியது 3,85,000. தொற்றுக்கான செலவு பேக்கேஜில் வராது என்று பில்லிங்கில் சொன்னார்கள். அவர்கள் இடத்தில், அவர்கள் போட்ட டியூபில் வந்த தொற்றுக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டதற்கு அங்கே இருந்த பிள்ளையிடம் பதில் இல்லை, மேலே கேளுங்கள் என்றது. இரண்டு குழி நிலத்தை அடமானம் வைத்தோம்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லியாக வேண்டும். அம்மாவைப் பார்க்க வந்தவர்கள் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பேர். நம் பக்கம் ஆள் படுத்தால் போய்ப் பார்க்காவிட்டால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் பெரியார் பஸ் ஸ்டாண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்த கையோடு நேராகக் கட்டிலில் உட்கார்ந்து, ஆரஞ்சை உரித்து வாயில் வைத்து, பாண்டி கோயில் திருநீறை நெற்றியில் பூசி, கொஞ்சம் வாயிலும் போட்டுவிட்டு, மருந்து ஏற்றுகிற வென்ஃப்ளான் குழாய் போட்ட கையைத் தடவிக் கொடுத்தார்கள். ஒருவரைக்கூட நான் கை கழுவச் சொல்லவில்லை. சித்தப்பாவிடம் போய் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். ஐசியூவுக்குப் பிறகு சொன்னேன். ஒருவர் கோபித்துக்கொண்டு போனார், மற்ற எல்லாரும் கழுவினார்கள். திருநீறைப் பொட்டலமாக வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டோம், யார் மனசும் நோகவில்லை.

கட்டில் காலடியில் கை தேய்க்கிற பாட்டில் ஒன்று மாட்டியிருந்தது. முதல் ஐந்து நாள் அதை அமுக்கினால் புஸ் என்று காற்றுதான் வந்தது. நர்சிங் ஸ்டேஷன் சுவரில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து தருணங்கள் படம் பெரிதாக ஒட்டியிருந்தது: நோயாளியைத் தொடும் முன், டிரெஸ்ஸிங், ஊசி மாதிரி சுத்தமான வேலைக்கு முன், ரத்தம் மூத்திரம் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவர் கட்டிலையோ மேசையையோ தொட்டபின் கை சுத்தம் செய்ய வேண்டும். ஐசியூவிலிருந்து திரும்ப வார்டுக்கு வந்ததும் ஒரு நாள் காலை எட்டு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை உட்கார்ந்து எண்ணினேன். அம்மாவை 19 தடவை தொட்டார்கள், தொடும் முன் கையைச் சுத்தம் செய்தது 6 தடவை. தொட்ட பிறகு நிறையப் பேர் செய்கிறார்கள், அது அவர்களைக் காப்பாற்றிக்கொள்ள. அம்மாவுக்கு வேண்டியது தொடும் முன். கையுறை போட்டிருக்கிறேனே என்றார் ஒருவர். அந்தக் கையுறையோடுதான் அவர் பக்கத்துக் கட்டிலிலிருந்து வந்தார்.

பக்கத்துக் கட்டிலில் உசிலம்பட்டிப் பக்கத்துத் தாத்தா ஒருவர், 82 வயது, வாதம் வந்து படுத்தவர். அவருக்குச் சளி நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆனது. மல்லாக்கப் படுத்திருந்தவருக்கு மருமகள் இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்ததை நான் பல நாள் பார்த்தேன், எனக்கும் அப்போது தெரியாது. தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, கூடியவரை நிமிர்ந்து உட்கார்ந்த வாக்கில் வைத்துத்தான் ஊட்ட வேண்டும், ஊட்டி முடித்தும் கொஞ்ச நேரம் அப்படியே விட வேண்டும். இருமலுக்குப் பலமில்லாதவருக்கு ஒரு வாய் தப்பான பக்கம் போனால் போதும். வாய் சுத்தமும் அப்படித்தான். அவருடைய பல் செட்டு பத்து நாளாக டிஷ்யூ பேப்பரில் சுற்றி மேசை மேல் கிடந்தது, சாப்பாட்டு வேளைக்கு மட்டும் அப்படியே எடுத்து மாட்டுவார்கள். வாயில் ஊறுகிற கிருமிதான் எச்சிலோடு நெஞ்சுக்குப் போகிறது. தாத்தாவுக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை, நாங்கள் கிளம்பும்போது வேறு வார்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

அம்மாவுக்கு ஐசியூவிலிருந்து வரும்போதே முதுகுத்தண்டின் அடியில் ஒரு ரூபாய் அளவு சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஏர் பெட் வாங்கிப் போட்டோம், ராத்திரி பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நானும் அண்ணியும் புரட்டிப் படுக்க வைத்தோம், தோல் கிழியாமல் தப்பித்தது. இது சிஸ்டர்கள் வேலை என்று நான் சண்டை போடவில்லை, 14 பேரை ஒருத்தி புரட்ட முடியாது. ஆள் போடாத நிர்வாகத்தின் மேல்தான் எனக்குக் கோபம்.

டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வாரத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். கேஸ் ஷீட்டு நகல் கேட்டதற்கு முதலில் இழுத்தார்கள். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதியிலேயே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்ததும் மூன்றாம் நாள் கொடுத்துவிட்டார்கள். தொற்றுத் தடுப்புக்கென்று தனியாக ஒரு சிஸ்டர் இருக்கிறார் என்பதே அப்போதுதான் தெரியும், அவரோடு அரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். வரவேற்பறையில் ஆஸ்பத்திரித் தரத்துக்குக் கொடுக்கிற என்ஏபிஹெச் சான்றிதழ் மாட்டியிருக்கிற ஆஸ்பத்திரி, அந்தத் தரநிலையில் தொற்றுத் தடுப்புக்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு, அதைத்தான் அவர் பார்த்துக்கொள்கிறார். நல்லவர், நான் சொன்ன மக்குக் கதையை எழுதிக்கொண்டார். உங்கள் ஆஸ்பத்திரியில் டியூபால் எத்தனை பேருக்குத் தொற்று வருகிறது என்று கேட்டேன். ஐசியூவுக்குக் கணக்கு இருக்கிறது என்றார், டியூப் போட்ட 1000 நாளுக்கு இத்தனை என்று மாதா மாதம் எண்ணுகிறார்களாம். வார்டுக்கு? வார்டில் எண்ணுவதில்லை என்றார். அம்மாவுக்குத் தொற்று வந்தது வார்டில். ஐசியூவுக்குப் போகும்போதே தொற்றோடு போனதால் ஐசியூ கணக்கிலும் வராது. அப்படியென்றால் எங்கம்மா எந்தக் கணக்கில் இருக்கிறார் சிஸ்டர் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எதிலயும் இல்லக்கா" என்றார்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையில், இப்படி ஆஸ்பத்திரியில் சேருகிற 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும் நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும் ஒரு தொற்றாவது அங்கேயே வந்துவிடுகிறது, வந்தவர்களில் 10இல் ஒருவர் இறந்துபோகிறார் என்று இருக்கிறது. கை சுத்தத்தையும் மற்ற எளிய முறைகளையும் ஒழுங்காகச் செய்தால் இதில் 70 சதவீதம் வரை தடுக்கலாம் என்றும் இருக்கிறது. அந்தப் பதினைந்து பேரில் வார்டில் படுத்த எத்தனை அம்மாக்கள் எண்ணாமல் விடுபட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மார்க் போட வேண்டுமென்றால், ஆபரேஷனுக்கும் பிசியோதெரபிக்கும் 5க்கு 5 கொடுப்பேன். ஐசியூவுக்கு 4, அங்கே ஒவ்வொரு நாளும் காலையில் இந்த டியூப் இன்னும் வேண்டுமா, இந்த ஊசிக் குழாய் இன்னும் வேண்டுமா என்று சத்தமாகக் கேட்டு எழுதுகிறார்கள், என் காதால் கேட்டேன், வேண்டாத அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். வார்டுக்கு 2, அதில் ஒன்று அந்த ராத்திரி சிஸ்டருக்கு, இன்னொன்று தலை வாரிவிட்ட ஆயாம்மாவுக்கு. பில்லிங்குக்கு ஒன்றும் கொடுக்க மனசில்லை. எலும்பு உடைந்தால் மறுபடி அங்கே போவேனா என்று அண்ணி கேட்டார். போவேன், அந்த டாக்டருக்காக. ஆனால் மூன்றாம் நாள் காலையிலிருந்தே ரவுண்ட்ஸ் வருகிற ஒவ்வொருவரிடமும் டியூபை இன்றைக்கு எடுக்கலாமா என்று கேட்பேன், இல்லை என்றால் ஏன் என்று கேட்பேன், சலித்துக்கொண்டாலும் கேட்பேன். பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடுவேன், வீல்சேரில் எக்ஸ்ரேவுக்குத் தள்ளிப் போகும்போது பையைத் தூக்கி வயிற்றின் மேல் வைக்க விடமாட்டேன், அப்படி வைத்தால் பையில் இருப்பது திரும்ப உள்ளே ஓடும். வீட்டிலிருந்தே ஒரு மக்கும், கை தேய்க்க ஒரு பாட்டிலும் கொண்டு போவேன். வயிற்றுப்போக்கு உள்ளவர் பக்கத்தில் இருந்தால் பாட்டிலை நம்பாமல் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுவேன், அந்த வகைக் கிருமியில் சிலது ஸ்பிரிட்டுக்குச் சாகாது.

அம்மா இப்போது வாக்கரோடு திண்ணை வரை வருகிறார். அந்த நான்கைந்து நாள் அவருக்கு நினைவே இல்லை, யாராவது சொன்னால் நம்பவும் மாட்டேன் என்கிறார். முன்பு மாதிரி கணக்கு மனசில் நிற்கவில்லை, ஒரே விஷயத்தை இரண்டு தடவை கேட்கிறார், டாக்டர் இன்னும் சில மாதம் ஆகலாம் என்றிருக்கிறார். வெற்றிலை தினமும் ஒன்று, அதற்குமேல் நான் தருவதில்லை.

ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரே பார்க்கப் போனபோது அம்மாவைக் கீழே அண்ணனோடு உட்கார வைத்துவிட்டு அந்த ராத்திரி சிஸ்டரைப் பார்க்க மேலே மூன்றாம் மாடிக்குப் போனேன். அவர் வேலையை விட்டுவிட்டாராம், வெளிநாட்டுக்குப் பரீட்சை எழுதுகிறார் என்றார்கள். எங்கள் பழைய கட்டிலில் வேறொரு பாட்டி படுத்திருந்தார். பையில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவில் தேதி எழுதியிருந்தது, முந்தாநாள் தேதி. கட்டிலடியில் தனி மக்கு, அதிலும் கட்டில் நம்பர். அடுத்த கட்டிலுக்குப் போய்க் குனிந்து பார்த்தேன், அந்தப் பையில் பிளாஸ்டர் இல்லை. கூட இருந்த பேரனிடம், "தம்பி, தாத்தாவுக்கு இந்த டியூப் எப்பப்பா போட்டாங்க?" என்று கேட்டேன். அவன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான்.